396 வாக்குகளும் ஒரு கையும்

அன்புள்ள அண்ணனுக்கு,

இலங்கை மலையகத்தில், பொகவந்தலாவைப் பக்கத்துத் தோட்டப் பாடசாலை ஒன்றில் படிப்பிக்கிறேன். இதையெல்லாம் உங்களுக்கு எழுதலாமா என்று இரண்டு நாள் யோசித்துவிட்டுத்தான் எழுதுகிறேன்.

தீபாவளிக்கு வீட்டில் எல்லோரும் கூடியிருந்தோம். கொழும்பில் வேலை செய்யும் தம்பி இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகு 'தி டார்க் நைட்' படத்தைப் போட்டான். கிறிஸ்டோபர் நோலன் எடுத்த பேட்மேன் படங்களில் இரண்டாம் பாகம், முகமூடி போட்டுக்கொண்டு குற்றவாளிகளோடு மோதுகிற ஒருவனின் கதை. படம் முடிந்ததும் தொடங்கிய வாக்குவாதம் ஒரு மணி தாண்டியும் அடங்கவில்லை.

ஜோக்கரைப் போல ஒரு வில்லன் இனிமேல் பிறந்துதான் வரவேண்டும் என்பது தம்பியின் கட்சி. அத்தான் வயரிங் வேலை செய்கிறவர், எதையும் கணக்குப் பார்க்கிறவர். "எங்கிட்ட ப்ளானே இல்லன்னு சொல்றவன் பேங்க்ல இருந்து ஆஸ்பத்திரி வரைக்கும் ஒரு நிமிசம் பிசகாம எப்படிச் செய்றான்? ஆஸ்பத்திரி முழுக்க குண்டு வைக்கிற வரைக்கும் அங்க ஒரு அட்டெண்டன்கூட பாக்கலையா?" என்று கேட்டார். சித்தப்பா மகனுக்கு வேறு குறை. நேர்மையான அரச சட்டத்தரணியாக வந்த ஹார்வி டென்ட் ஒரே இரவில் கொலைகாரனாகிவிடுவதை அவனால் ஏற்கமுடியவில்லை.

அப்பா ஸ்டோரில், அதாவது தேயிலை ஃபெக்டரியில், வேலை செய்து போன வருஷம் ஓய்வுபெற்றவர். இங்கிலீஷ் படம் பார்க்கிறவர் இல்லை. அன்றைக்குப் பிள்ளைகளோடு இருக்கவேண்டும் என்பதற்காக உட்கார்ந்திருந்தார். தம்பி இடையிடையே கதையைச் சொல்லிக்கொண்டே வந்தான். இரண்டு படகுகளில் இருப்பவர்களிடம் வெடிப் பொத்தானைக் கொடுக்கிற கட்டத்தில் அப்பா நிமிர்ந்து உட்கார்ந்தார். நாங்கள் எல்லாம் கத்தி ஓய்ந்த பிறகு, "ரெண்டு படகுலயும் ஒருத்தன்கூடவா அமுத்தல? ஒரு ஆளாவது அமுத்தியிருப்பான்" என்றார். அவ்வளவுதான். எழுந்து வாசலுக்குப் போய் இருட்டில் வெகுநேரம் நின்றார். அம்மா போய்க் கூப்பிட்ட பிறகுதான் உள்ளே வந்தார்.

இப்படிப்பட்ட படங்களில் நம்பும்படியாக இருக்கிறதா என்று பார்ப்பதே பிழையா? இன்னொன்று. என் வகுப்புப் பையன்களின் கொப்பி அட்டையில் ஜோக்கர் முகம். சந்தியில் நிற்கிற த்ரீவீல்களில் பாதிக்கு மேல் பின்கண்ணாடியில் அவன்தான். நான் கவலைப்பட வேண்டுமா?

பெயரைப் போடவேண்டாம் அண்ணா.

ஒரு வாசகி


அன்புத் தங்கைக்கு,

தாராளமாக எழுதலாம். ஒரு குடும்பம் நடுச்சாமம் தாண்டியும் ஒரு படத்தைப் பற்றிப் பேசியிருக்கிறது. இந்தக் கிழமை எனக்கு வந்த கடிதங்களில் உங்களுடையதைத்தான் திரும்பத் திரும்ப வாசித்தேன். உங்கள் வீட்டில் மூன்று பேர் மூன்று விதமாகப் பேசியிருக்கிறார்கள். அவர்களுக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். அப்பாவுக்குச் சொல்லவேண்டியது கொஞ்சம் அதிகம்.

நம்பும்படியாக இருக்கிறதா என்று பார்ப்பதில் ஒரு பிழையும் இல்லை. எதை நம்பக் கேட்கிறோம் என்பதுதான் விசயம். நம் தோட்டங்களில் மாசி பிறந்தால் காமன் கூத்து. சிவன் நெற்றிக்கண்ணைத் திறக்கிறார், மன்மதன் எரிந்து சாம்பலாகிறான். கண்ணுக்குள்ளிருந்து நெருப்பு எப்படி வரும் என்று கேட்ட ஒரு பிள்ளையையும் நான் கண்டதில்லை. ஆனால் அதற்குப் பிறகு ரதி அழவேண்டும். எங்கள் தோட்டத்தில் ரதி வேஷம் கட்டியவர் பகலில் கவ்வாத்து வெட்டுகிற ஆள். ஒரு வருஷம் காய்ச்சலோடு வந்து ஒப்பாரியைச் சுரத்தில்லாமல் பாடிவிட்டார். முன்னால் உட்கார்ந்திருந்த கிழவிகள், "புருசனப் பறிகுடுத்தவ இப்படியா அழுவா?" என்று சத்தமாகவே கேட்டார்கள். நெற்றிக்கண்ணை ஒரு பேச்சில்லாமல் ஒப்புக்கொண்ட அதே கிழவிகள்! அவர்களுடைய அளவுகோலைத்தான் நான் இன்றைக்கும் கையில் வைத்திருக்கிறேன். பேட்மேன் மாடியிலிருந்து குதித்துப் பறக்கட்டும், எனக்கு ஆட்சேபனை இல்லை. பறந்து வந்தவன் யாரையாவது இழந்தால், அந்த அழுகையில் பொய் இருக்கக்கூடாது.

அத்தானிடம் இதைச் சொல்லுங்கள். "எனக்குத் திட்டம் கிடையாது" என்று ஜோக்கர் சொல்வது எங்கே, யாரிடம்? ஆஸ்பத்திரிக் கட்டிலில், பாதி முகம் கருகி, கட்டிக்கொள்ள இருந்தவளைப் பறிகொடுத்துக் கிடக்கிற டென்டிடம். தாதி உடுப்பைப் போட்டுக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்து சொல்கிறான். அந்த மனிதனின் கையில் துப்பாக்கியைத் திணிக்கவேண்டும், அதற்கு எந்தப் பேச்சு எடுபடுமோ அந்தப் பேச்சைப் பேசுகிறான். அவன் சொல்வதை நம்பக்கூடாது என்று படம் முன்பே எச்சரித்திருக்கிறது. வாயில் இருக்கிற வடு எப்படி வந்தது என்று இரண்டு இடத்தில் சொல்கிறான். ஓர் இடத்தில் அப்பன் கிழித்தது, இன்னோர் இடத்தில் பெண்டாட்டிக்காகத் தானே கிழித்துக்கொண்டது. வடு ஒன்று, கதை இரண்டு. அதற்குப் பிறகும் அவன் பேச்சைச் சத்தியமாக எடுத்துக்கொண்டது நாம்தான். உண்மையில் அந்தப் படத்திலேயே பெரிய திட்டக்காரன் அவன். வங்கிக் கொள்ளையில் ஒவ்வொரு ஆளுக்கும் அடுத்தவனைச் சுடச்சொல்லி ஏற்கெனவே பிரித்துக்கொடுத்திருக்கிறான். பிடிபடுவதும் திட்டம்தான். கூடப் பிடிபட்டவனின் வயிற்றுக்குள் தொலைபேசியை வைத்துத் தைத்து அனுப்பியிருக்கிறான். எனவே இந்த இடத்தில் படத்தின் மேல் குற்றமில்லை.

ஆஸ்பத்திரி விசயத்தில் அத்தான் சொல்வது சரி. அதைவிடப் பெரிய ஓட்டை பஸ். வங்கிச் சுவரை உடைத்து நுழைந்த பள்ளிக்கூட பஸ் புழுதியோடு வெளியே வந்து, வரிசையாகப் போகிற மற்றப் பள்ளிக்கூட பஸ்களுக்கு நடுவில் சேர்ந்துகொள்கிறது. பின்னால் வருகிற சாரதி ஹோர்ன்கூட அடிப்பதில்லை. இயக்குனர் கிறிஸ்டோபர் நோலன் இதையெல்லாம் வேகத்தால் மூடிவிடுகிறார். அதே படத்தில் பெரிய லொறி ஒன்று தலைகீழாகக் குட்டிக்கரணம் அடிக்கிறதே, அது கணினி வேலை இல்லை. சிக்காகோ தெருவில் உண்மையான லொறியையே புரட்டினார்கள். கண் ஒரு தடவை நிஜமான பாரத்தைப் பார்த்துவிட்டால், பக்கத்தில் இருக்கிற பொய்யை அவ்வளவாகத் துருவுவதில்லை.

தம்பிக்குப் பெரிதாகப் பதில் சொல்ல வேண்டியதில்லை, நானும் அவன் கட்சிதான். ஜோக்கராக நடித்த ஹீத் லெட்ஜர் 2008 ஜனவரியில் இறந்துபோனார். படம் வந்தது ஜூலையில். அடுத்த வருஷம் ஒஸ்கார் விருதை அவருடைய பெற்றோரும் அக்காவும் மேடையேறி வாங்கினார்கள். இன்னொரு தடவை பார்க்கும்போது அவருடைய நாக்கைக் கவனியுங்கள். பேசும்போதெல்லாம் வாய் ஓரத்துத் தழும்பை அது போய்த் தொட்டுக்கொண்டே இருக்கும். பல்லில் ஓட்டை விழுந்தால் நமக்கு நாக்கு அங்கேயே போகுமே, அப்படி. அந்த வடுவுக்கு எந்தக் கதையைச் சொன்னாலும், வடு அவனுடையது என்று அந்த நாக்கு நம்பவைத்துவிடுகிறது.

சித்தப்பா மகன் கேட்டது என்னை நிறையவே யோசிக்கவைத்தது. நல்லவன் கெட்டுப்போவதை நான் பக்கத்தில் நின்று பார்த்திருக்கிறேன். எங்கள் தோட்டத்தில் ஒரு தலைவர் இருந்தார், சங்கத் தலைவர். கொழுந்து நிறுக்கிற நேரம் மடுவத்தில் தராசுக்குப் பக்கத்திலேயே நிற்பார். எழுத்துத் தெரியாத பொம்பளைகளுக்காக முள் காட்டுகிற இலக்கத்தைச் சத்தமாகச் சொல்வார். "பதினாலு. பதினாலுன்னே எழுதுங்க." மழை நாளில் ஈரத்துக்கென்று இரண்டு கிலோ கழிப்பார்கள், சாக்குக்கென்று ஒன்று கழிப்பார்கள். அதற்கெல்லாம் அவர் சண்டைக்கு நிற்பார். பிறகு அவருக்கு மேற்பார்வை வேலை கிடைத்தது. மகளை டவுன் பள்ளிக்கூடத்தில் சேர்த்தார். முதல் வருஷம் இலக்கத்தைச் சத்தமாகச் சொல்வதை விட்டார். இரண்டாம் வருஷம் தராசுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நிற்கத் தொடங்கினார். மூன்றாம் வருஷம் ஒரு மழைநாள், நாலு மணி நிறுவை. அம்மா அன்றைக்கு எடுத்தது எல்லாம் சேர்த்துப் பத்தொன்பது. பதினெட்டு இருந்தால்தான் முழுப்பேர், அதாவது முழுநாள் சம்பளம். "ரெண்டு கழி" என்ற குரல் அவருடையது. பதினேழு. அரைப்பேர். அவர் நிமிர்ந்து பார்க்கவில்லை. அம்மா சாக்கை உதறி மடித்து இடுப்பில் செருகிக்கொண்டு நடந்தார். நான் பின்னால் போனேன். வீடு வரும் வரைக்கும் அம்மா ஒரு வார்த்தை பேசவில்லை.

அந்தத் தலைவருக்கு மூன்று வருஷம் எடுத்தது. இடையில் ஒரு வெடியும் வெடிக்கவில்லை, முகத்தில் ஒரு கீறல்கூட விழவில்லை. ஆகவே ஒரு ராத்திரியில் நடந்த மாற்றத்தை நம்பமுடியவில்லை என்று சித்தப்பா மகன் சொன்னால் நான் எதிர்த்துப் பேசமாட்டேன். ஆனால் ஒரு காட்சியை அவன் திரும்பவும் பார்க்கவேண்டும். முகம் கருகுவதற்கு முன்பே டென்ட் ஜோக்கரின் ஆள் ஒருவனைக் கட்டிவைத்து, நெற்றியில் துப்பாக்கியை வைத்து, நாணயத்தைச் சுண்டிச்சுண்டி மிரட்டுகிறான். கட்டுண்டு கிடப்பவன் புத்தி சரியில்லாத ஒரு நோயாளி. பேட்மேன் வந்துதான் தடுக்கிறான். அந்த நாணயத்துக்கு அப்போது இரண்டு பக்கமும் தலை, ஆகவே அவன் சுடப்போவதில்லை என்று நாம் சமாதானப்பட்டுக்கொள்கிறோம். தராசுக்கு முதுகு காட்டி நின்ற வருஷம் அதுதான் என்று எனக்குப் படுகிறது.

வில்லன்களைப் பற்றிப் பேச்சு வந்ததால் இன்னொன்று. உங்கள் வீட்டில் யாரும் இதைத் தொடவில்லை. எனக்கு இந்தப் படத்தில் ஆகவும் உறுத்துகிற இடம், பேட்மேனின் வீட்டுப் பணியாளர் ஆல்ஃபிரட் சொல்லும் பர்மாக் கதை. இளம் வயதில் அவரும் கூட்டாளிகளும் அங்கே அரசாங்கத்துக்காக வேலை செய்தார்களாம். உள்ளூர்த் தலைவர்களை வசப்படுத்த இரத்தினக் கற்கள் கொண்டுபோவார்களாம். காட்டுக்குள் ஒரு கொள்ளைக்காரன் அவற்றைப் பறித்து, வைத்துக்கொள்ளாமல் எறிந்துவிட்டானாம். சிலருக்கு உலகம் பற்றி எரிவதைப் பார்த்தாலே போதும் என்று அவர் முடிக்கிறார். உலகம் முழுவதும் பையன்கள் சட்டையில் அச்சடித்துப் போட்டுக்கொள்கிற வசனம் அது. பிற்பாடு பேட்மேன் கேட்கிறான், அவனைப் பிடித்தீர்களா என்று. பிடித்தோம், காட்டைக் கொளுத்தினோம் என்கிறார். படம் அடுத்த காட்சிக்குப் போய்விடுகிறது.

காட்டுக்குள் யார் இருந்தார்கள்? ஒருவரும் கேட்பதில்லை. இந்த மலைகளும் காடாக இருந்தவைதான். 19 ஆம் நூற்றாண்டில் கோப்பிக்காக வெட்டி, காயவிட்டு, நெருப்பு வைத்தார்கள். கங்காணிமாரோடு வந்த நம் ஆட்களின் கையும் கத்தியைப் பிடித்தது, கொளுத்தச் சொன்னவர்கள் வேறு. எனவே உலகம் எரிவதை விரும்புகிறவன் யார் என்று ஆல்ஃபிரட் விளக்குகிற அந்த இடத்தில், உண்மையாகவே கொளுத்தியவர் பக்கத்தில் தேத்தண்ணித் தட்டோடு நிற்பதுதான் எனக்குத் தெரிகிறது. படம் இதை அறிந்து வைத்ததா, அறியாமல் வைத்ததா என்று தம்பியோடு வாதாட ஆசையாக இருக்கிறது.

இனி அப்பாவிடம் வருகிறேன்.

படம் பார்க்காத வாசகர்களுக்காகச் சுருக்கமாக. நகரத்திலிருந்து ஆட்களை ஏற்றிக்கொண்டு இரண்டு படகுகள் போகின்றன. ஒன்றில் சாதாரண சனங்கள், மற்றதில் சிறைக்கைதிகளும் காவலர்களும். இரண்டின் அடித்தளத்திலும் எரிபொருள் பீப்பாய்களோடு வெடி. ஒரு படகின் வெடியை வெடிக்கவைக்கிற பொத்தான் மற்றப் படகில். நடுச்சாமத்துக்குள் யாராவது அழுத்தினால் அழுத்தியவர்கள் பிழைப்பார்கள். ஒருவரும் அழுத்தாவிட்டால் இரண்டையும் தானே வெடிக்கவைப்பதாக ஜோக்கர் அறிவிக்கிறான்.

சனங்களின் படகில் வாக்கெடுக்கிறார்கள். துண்டுக் கடதாசியில் எழுதி எண்ணுகிறார்கள். வேண்டாம் என்றவர்கள் 140. அழுத்துவோம் என்றவர்கள் 396. முடிவாகிவிட்டது, ஆனால் ஒருவரும் அசைவதில்லை. கோட்டுப் போட்ட ஒரு மனிதர் எழுந்து, யாருக்கும் கையில் அழுக்குப் படக்கூடாது, சரி, நான் செய்கிறேன் என்ற தோரணையில் அந்தப் பொத்தானை எடுக்கிறார். வைத்துக்கொண்டு பார்க்கிறார். பார்த்துக்கொண்டே இருக்கிறார். பிறகு பெட்டிக்குள் திரும்ப வைத்துவிட்டு உட்கார்ந்துவிடுகிறார். மற்றப் படகில் மலைபோன்ற ஒரு கைதி காவலரிடம் போய், பத்து நிமிசத்துக்கு முன்னால் நீ செய்திருக்கவேண்டியதை நான் செய்கிறேன் என்று வாங்கி, ஜன்னலால் தண்ணீருக்குள் எறிகிறான்.

இது நடக்கிற காரியமா என்று படம் வந்த நாளிலிருந்து ரசிகர்கள் அடிபடுகிறார்கள். பாதிப்பேர் உங்கள் அப்பாவின் பக்கம்.

எங்கள் அப்பாயி 1977 ஐப் பற்றி என்னிடம் ஒரே ஒரு தடவைதான் பேசியிருக்கிறார். ஜூலையில் தேர்தல் முடிந்து ஓகஸ்டில் தமிழர்களுக்கு எதிரான கலவரம். மலையெல்லாம் மழை. லயத்தில், அதாவது தோட்டத்து வரிசைவீட்டில், படுக்கப் பயந்து தேயிலைக்குள் போய்ப் படுத்திருக்கிறார்கள். மூன்றாம் நாள் இரவு கீழ் ரோட்டில் ஒரு லொறி வந்து நின்றிருக்கிறது. வெளியிலிருந்து வந்தவர்கள், ஏறுகிற பாதை தெரியாது. பாலத்துக்குப் பக்கத்தில் ஒரு பாஸ் குடியிருந்தார், கொத்துவேலை செய்கிறவர், சிங்களவர். எங்கள் லயத்துக் கூரையையும் அடுப்பையும் பல தடவை அவர்தான் திருத்தியிருக்கிறார். அவரைக் கூப்பிட்டு எண்ணெய்ப் பேணியைக் கையில் கொடுத்து, முன்னால் நடக்கச் சொல்லியிருக்கிறார்கள். அப்பாயி இருபது அடி மேலே, செடிக்கு அடியில். இடுப்பில் இரண்டு வயது அத்தை, அவள் வாயில் அப்பாயியின் கை. அட்டை காலில் ஏறுவது தெரிகிறது, தட்டிவிட முடியாது. "மூஞ்சிய பாக்கல தம்பி. லொறி வெளிச்சத்துல அவங் கையத்தான் பாத்துக்கிட்டே இருந்தேன்" என்றார். அந்தக் கை பேணியைப் பிடித்துக்கொண்டு வெகுநேரம் இருந்ததாம். பிறகு அதை ரோட்டு ஓரத்தில் மெதுவாக வைத்ததாம். மேலே மண் சரிந்து கிடக்கிறது, ஏறமுடியாது என்று சிங்களத்தில் சொல்லியிருக்கிறார். மண் எங்கும் சரியவில்லை. லொறி திரும்பிப் போய்விட்டது.

அதனால்தான் கோட்டுக்காரர் பொத்தானைத் திரும்ப வைக்கிற இடத்தை இந்தப் படத்தில் நான் ஆகவும் நம்புகிறேன். ஜோக்கரை நம்புவதைவிட, பேட்மேனை நம்புவதைவிட.

ஆனால் அப்பாயியின் கதை அங்கே முடியவில்லை. விடிந்தபோது எதிர் மலையில் புகை. இரண்டு லயம் எரிந்துபோயிருந்தது. அங்கே யாரோ ஒருவர் பாதை காட்டியிருக்கிறார். உங்கள் அப்பா சொல்கிற ஆள் அவர். ஒரு ஆளாவது அமுத்தியிருப்பான் என்பது சரிதான். அமுத்தினான். படம் இரண்டு படகையும் காப்பாற்றிக் கரைசேர்த்துவிட்டது. நமக்கு அன்றைக்கு ஒன்றுதான் தப்பியது. அப்பா அந்தக் காட்சியை ஏற்கவில்லை என்றால், அது படம் பார்க்கத் தெரியாததால் இல்லை என்று பிள்ளைகளிடம் சொல்லுங்கள்.

396 என்ற இலக்கத்திலும் எனக்கு ஒரு சொந்த வருத்தம் இருக்கிறது. 1964 அக்டோபரில் இலங்கைப் பிரதமர் சிறிமாவோ பண்டாரநாயக்கவும் இந்தியப் பிரதமர் லால் பகதூர் சாஸ்திரியும் நாடற்றிருந்த நம் ஆட்களைப் பங்கிட்டுக் கையெழுத்துப்போட்டார்கள். 525,000 பேர் இந்தியாவுக்கு, 300,000 பேர் இலங்கைக்கு, மிச்சமிருந்த 150,000 பேரைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று. அந்த 975,000 பேரில் ஒருவரிடமும் வாக்குக் கேட்டு ஒரு துண்டுக் கடதாசி நீட்டப்படவில்லை. அப்பாயியின் தம்பி அப்படித்தான் போனார். ஹட்டன் ஸ்டேசனில் கோச்சி ஏறி, தலைமன்னாரில் கப்பல் ஏறி, இராமேஸ்வரத்தில் இறங்கினார். கோச்சி நகர்ந்தபோது அப்பாயி ஜன்னலுக்குள் கையைவிட்டு அவர் கையைப் பிடித்துக்கொண்டே மேடை முடிகிற வரைக்கும் ஓடினாராம். கணக்குப் போட்டவர்கள் அந்தக் கையைப் பிரிக்கவேண்டி வரவில்லை. கடதாசியில் 396 பேர் எழுதினார்கள், கையில் எடுத்தபோது ஒருவராலும் முடியவில்லை என்று நோலன் காட்டியது எனக்குப் பொட்டில் அறைந்த மாதிரி இருந்தது அதனால்தான்.

இவ்வளவு சரியாகச் செய்த படம் கடைசிப் பத்து நிமிசத்தில் ஒரு காரியம் செய்கிறது. அதைத்தான் என்னால் ஒருபோதும் ஏற்கமுடியவில்லை. டென்ட் செய்த கொலைகளைப் பேட்மேன் தன் தலையில் போட்டுக்கொள்கிறான். பொலிஸ் அதிகாரி கோர்டனும் ஒப்புக்கொள்கிறார். உண்மை தெரிந்தால் சனங்கள் நொறுங்கிப்போவார்களாம். கொஞ்ச நேரத்துக்கு முன்னால்தான் அதே சனங்கள், அதே கைதிகள், செத்தாலும் பரவாயில்லை என்று பொத்தானை விட்டெறிந்தார்கள். அவர்களையா இந்த இரண்டு பேரும் உண்மையைத் தாங்கமாட்டார்கள் என்று முடிவுகட்டுகிறார்கள்? "இதுகளுக்கு இது வெளங்காது" என்று நமக்காக முடிவெடுத்தவர்களின் பேச்சை நாம் பரம்பரையாகக் கேட்டவர்கள். அந்த ஆஸ்பத்திரியும் பஸ்ஸும் எனக்குச் சின்ன ஓட்டைகள்தான், படத்தின் பெரிய ஓட்டை இதுதான். 2012 இல் வந்த மூன்றாம் பாகத்தில், பேன் என்ற வில்லன் சிறைவாசலில் நின்று கோர்டன் எழுதிவைத்திருந்த உரையை வாசித்துக்காட்ட, எட்டு வருஷப் பொய் எல்லோர் முன்னாலும் உடைகிறது. படம் எடுத்தவர்களுக்கும் அது உறுத்தியிருக்கவேண்டும்.

பையன்களைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். சந்தியில் ஒரு தம்பியிடம் நானும் கேட்டிருக்கிறேன், ஏன் இந்தப் படத்தை ஒட்டியிருக்கிறாய் என்று. "அவன் காசுக்கே நெருப்பு வைக்கிறான்ல அண்ணே" என்றான். மாசம் பிறந்தால் லீசிங்காரர்கள் வந்து நிற்கிற வண்டி அது. இரண்டு தவணை பிந்தினால் இழுத்துக்கொண்டு போய்விடுவார்கள். காசு மலையையே கொளுத்துகிறவனைக் கண்டால் அவனுக்கு நெஞ்சு குளிரத்தான் செய்யும். கொலைகாரனை அவன் கும்பிடவில்லை. ஆகவே பயப்படாதீர்கள், கொப்பி அட்டையைக் கிழிக்கவும் வேண்டாம்.

உங்களுக்கு நேரம் கிடைத்தால் வகுப்பில் அந்தப் படகுக் காட்சியை மட்டும் போடுங்கள். 396 என்று அறிவிக்கிற இடத்தில் நிறுத்திவிடுங்கள். நீ அழுத்துவாயா என்று கேட்கவேண்டாம், எல்லாப் பிள்ளைகளும் மாட்டேன் என்றுதான் எழுதும். இந்தப் பொத்தானை உன் தோட்டத்தில் யார் கையில் கொடுப்பாய், ஏன் என்று ஒரு பக்கம் எழுதச்சொல்லுங்கள். பெயர் எழுதத் தேவையில்லை, என்ன வேலை செய்கிற ஆள், அவரிடம் நீ என்னத்தைக் கண்டாய் என்றால் போதும். எழுதி முடித்த பிறகு மீதிப் படத்தைப் போடுங்கள்.

அப்பா போன வருஷம்தான் ஓய்வுபெற்றார் என்றால் 77 இல் பத்துப் பன்னிரண்டு வயதுப் பையனாக இருந்திருப்பார். அந்த மழைக்காலத்தில் எந்தத் தோட்டத்தில் இருந்தார் என்று கேட்டுப்பாருங்கள். எல்லோரும் இருக்கும்போது கேட்கவேண்டாம். நீங்கள் மட்டும் இருக்கிற நேரம், தேத்தண்ணி குடிக்கும்போது. பேச்சை மாற்றினால் விட்டுவிடுங்கள், அம்மாவிடமும் துருவவேண்டாம். சொன்னால் இடையில் ஒன்றும் கேட்காமல் கேட்டுக்கொண்டிருங்கள். பிறகு அவர் சம்மதித்தால் எனக்கும் எழுதுங்கள்.

அன்புடன்,
அண்ணன்